சந்தோஷத்துக்கு ஸ்பானியத்தில் எந்தச் சொல்?

"பாஸாகிட்டேன், சந்தோஷமா இருக்கு." "அது சந்தோஷமான குடும்பம்." "நீங்க வந்ததுல ரொம்ப சந்தோஷம்." "அவன் எப்பவும் சந்தோஷமா இருக்கிற ஆளு."

நான்கு வாக்கியத்துக்கும் தமிழில் ஒரே சொல் போதும். ஸ்பானியத்தில் போதாது. முதலாவதற்கு கொன்தேன்தொ, இரண்டாவதற்கு ஃபெலீஸ், மூன்றாவதற்கு மெ அலேக்ரொ, நான்காவதற்கு அலேக்ரெ. அகராதியில் எல்லாவற்றுக்கும் எதிரே 'மகிழ்ச்சி' என்றுதான் போட்டிருக்கும். அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் பெரும்பாலும் கேட்பவர் புரிந்துகொள்வார். சில இடங்களில் சிரிப்பார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் முகம் சிவந்துவிடும். அது பின்னால் வருகிறது.

தமிழர்கள் செய்யும் தப்புகளில் பாதி ஆங்கிலத்தின் வழியாக வருபவை. தமிழில் நினைத்து, மனதுக்குள் ஆங்கிலமாக்கி, அங்கிருந்து ஸ்பானியத்துக்குத் தாவுகிறோம். சுற்றுவழி மட்டுமில்லை, குழியுள்ள வழியும்கூட. 'எனக்குச் சந்தோஷம்', 'எனக்குப் பிடிக்கும்' என்று உணர்ச்சியை 'எனக்கு' போட்டுச் சொல்வது நம் மொழியின் இயல்பு. ஸ்பானியமும் அப்படித்தான் சொல்கிறது. கீழே வரும் பல இடங்களில் தமிழிலிருந்து நேராகப் போனாலே சரியான வாக்கியம் வந்துவிடும்.

எழுத்தைப் பற்றிச் சில வரிகள். ஸ்பானியச் சொற்களை இங்கே தமிழில் எழுதியிருக்கும் முறை இது: எந்த அசையில் நெடில் இருக்கிறதோ அங்கே அழுத்தம். இழுக்க வேண்டாம், அழுத்தினால் போதும். உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றைத் 'த' வந்தால் 'அது' என்பதில் வரும் மெல்லிய ஒலி, 'த்த' வந்தால் 'பத்து'வின் வல்லொலி. 'ந்த' என்றால் 'பந்து' போல. 'ன்த' என்றால் அதே இடத்தில் வல்லொலி. 'அலேக்ரெ'யின் 'க்ர' அக்ரஹாரத்தின் 'க்ர'. 'வ' எழுதிய இடத்தில் உதடு இரண்டும் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும். 'ஸ' என்று எழுதிய சில இடங்களில் ஸ்பெயினின் பெரும்பகுதியினர் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ஊதுவார்கள். 'ஃபெலீஸ்' என்பதன் கடைசி ஒலி அப்படிப்பட்டது. லத்தீன் அமெரிக்காவில் அது வெறும் 'ஸ்'. சொல்லின் முதலெழுத்தில் வல்லொலியா மெல்லொலியா என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. அதை மட்டும் ஒலிப்பதிவு கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதலில் வினை, பிறகுதான் சொல்

ஸ்பானியத்தில் 'இரு' என்பதற்கு இரண்டு வினை: ஸேர், எஸ்தார். 'நான்' என்று பேசும்போது அவை ஸோய், எஸ்தோய் ஆகும். 'அவர்', 'அவள்' என்றால் எஸ், எஸ்தா. 'நிரந்தரமானதற்கு ஸேர், தற்காலிகமானதற்கு எஸ்தார்' என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். உணர்ச்சிச் சொற்களைப் பொறுத்தவரை தமிழிலேயே அதைவிடக் கைக்கு அடக்கமான சோதனை ஒன்று இருக்கிறது.

'அவள் கலகலப்பான பெண்.' இந்த வாக்கியத்தில் வினையே இல்லை. பெயரோடு பெயர் நிற்கிறது. இந்த மாதிரி வந்தால் ஸேர். 'அவள் இன்று கலகலப்பாக இருக்கிறாள்.' இங்கே 'ஆக' வந்தது, 'இருக்கிறாள்' வந்தது. இந்த மாதிரி வந்தால் எஸ்தார். முன்னதற்கு 'எஸ் அலேக்ரெ', பின்னதற்கு 'எஸ்தா அலேக்ரெ'.

இந்தச் சோதனை எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஒர்குயோஸொ என்ற சொல்லைப் பாருங்கள். 'எஸ் ஒர்குயோஸொ' என்றால் 'அவர் தலைக்கனம் பிடித்தவர்'. 'எஸ்தா ஒர்குயோஸொ தெ ஸு ஈஹ' என்றால் 'மகளை நினைத்து அவருக்குப் பெருமையாக இருக்கிறது'. ஒரே சொல்தான், வினை மாறியதும் திட்டு பாராட்டாகிவிட்டது. மகன் பட்டம் வாங்கிய அன்று 'ஸோய் ஒர்குயோஸொ' என்று அப்பா சொன்னால், 'நான் திமிர் பிடித்தவன்' என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி.

சோதனை கைவிடும் இடமும் ஒன்று உண்டு. 'வாழ்க்கையில் சந்தோஷமாக இருக்கிறேன்' என்று தமிழில் 'ஆக இருக்கிறேன்' வந்தாலும் ஸ்பானியத்தில் 'ஸோய் ஃபெலீஸ்'. இந்த ஒரு விலக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் சரியாக விழும்.

ஃபெலீஸ், கொன்தேன்தொ, அலேக்ரெ

மூன்றின் வேரையும் தெரிந்துகொண்டால் தேர்வு எளிது. ஃபெலீஸின் லத்தீன் மூலச்சொல்லுக்கு வளமான, அதிர்ஷ்டமுள்ள என்று பொருள். ரோமானியத் தளபதி சுல்லா தன் பெயரோடு அதைப் பட்டமாகவே சேர்த்துக்கொண்டார். தன்னைத் தெய்வம் கைவிடாது என்று காட்டத்தான். கொன்தேன்தொவின் மூலம் 'உள்ளடங்கிய' என்பது: வேண்டியது கையில் இருக்கிறது, மேற்கொண்டு தேவையில்லை. அலேக்ரெயின் மூலம் 'துடிப்பான, சுறுசுறுப்பான'. ஆக ஒன்று வாழ்வின் நிலை, ஒன்று கேட்டது கிடைத்த நிறைவு, ஒன்று வெளியே தெரியும் துள்ளல்.

கொன்தேன்தொ: அன்றாடப் பேச்சில் 'சந்தோஷமா இருக்கு' என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் சொல். காரணம் ஒன்று இருக்கும்: தேர்வு முடிவு, சம்பள உயர்வு, மழை விட்டது. எப்போதும் எஸ்தார்தான், இன்றைய பேச்சில் 'ஸோய் கொன்தேன்தொ' என்பது தப்பு. பெண் சொன்னால் கொன்தேன்த, பலராகச் சொன்னால் கொன்தேன்தொஸ், எல்லோரும் பெண்கள் என்றால் கொன்தேன்தஸ். 'போதும் என்ற மனம்' என்று இதை மொழிபெயர்த்துக்கொண்டு, மகிழ்ச்சியில் ஒரு படி குறைந்தது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இதேபோல ஒலிக்கும் சொல் தரும் மயக்கம் அது. ஸ்பானியத்தில் கொன்தேன்தொ நல்ல, முழுமையான சந்தோஷம்தான்.

அதற்குப் பின்னால் வரும் இடைச்சொல்லில்தான் தடுமாற்றம். ஒரு பொருளோ ஆளோ காரணமானால் 'கொன்': எஸ்தோய் கொன்தேன்த கொன் மி த்ரபாஹொ, 'என் வேலையில் எனக்குச் சந்தோஷம்'. ஒரு செயல் காரணமானால் 'தெ': எஸ்தோய் கொன்தேன்த தெ எஸ்தார் அக்கீ, 'இங்கே இருப்பதில் சந்தோஷம்'. இன்னொருவருக்கு நல்லது நடந்து, அதற்காக நாம் மகிழ்ந்தால் 'பொர்': எஸ்தோய் கொன்தேன்த பொர் தி, 'உனக்காகச் சந்தோஷப்படுகிறேன்'. எதிர்மறையில் இந்தச் சொல் புகார் ஆகிவிடும் என்பதையும் கவனியுங்கள். 'நோ எஸ்தோய் கொன்தேன்தொ கொன் எல் ஸெர்வீஸியொ' என்று கடையில் சொன்னால், 'எனக்கு மகிழ்ச்சி இல்லை' என்ற சோகமாக அது கேட்காது; மேலாளரைக் கூப்பிடச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஃபெலீஸ்: 'ஸோய் ஃபெலீஸ்' என்பது கனமான வாக்கியம். என் வாழ்க்கை நன்றாக அமைந்திருக்கிறது என்ற அறிக்கை. காபி நன்றாக இருந்ததற்கு இதைச் சொன்னால், ஒரு டம்ளர் காபியில் ஜென்மம் கடைத்தேறியதாகக் கேட்பவருக்குத் தோன்றும். பழைய இலக்கணப் புத்தகங்கள் ஃபெலீஸ் என்றால் ஸேர்தான் என்று கண்டிப்புக் காட்டும். இன்று 'எஸ்தோய் ஃபெலீஸ்' எங்கும் கேட்கும், லத்தீன் அமெரிக்காவில் மிகத் தாராளமாக. கொன்தேன்தொவைவிட ஒரு சுற்று அதிகமான சந்தோஷம் என்று அதைக் கொள்ளலாம்: வேலை கிடைத்தது, குழந்தை பிறந்தது. ஆண்பால் பெண்பால் வேறுபாடு இதற்கு இல்லை. பன்மையில் மட்டும் ஃபெலீஸெஸ்.

அலேக்ரெ: பார்த்தால் தெரிகிற சந்தோஷம். பாடுகிறார், சிரிக்கிறார், கைதட்டுகிறார். மனிதருக்கு மட்டுமல்லாமல் பொருளுக்கும் பொருந்துவது இதன் சிறப்பு. துள்ளலான பாட்டு 'மூஸிக்க அலேக்ரெ', பளிச்சென்ற நிறங்கள் 'கொலோரெஸ் அலேக்ரெஸ்'. இந்த இடங்களில் கொன்தேன்தொவைப் போட முடியாது. நிறத்துக்கு ஏது மனத்திருப்தி? ஒரு எச்சரிக்கை: 'எஸ்தா அலேக்ரெ' என்பதற்கு 'லேசாகப் போதை ஏறியிருக்கிறது' என்ற பொருளும் உண்டு. கல்யாண விருந்தில் மாமாவைப் பற்றி இப்படிச் சொல்வதற்கு முன் அவர் கையில் என்ன கோப்பை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'சந்தோஷம்' என்று பதில் சொல்வது

நல்ல செய்தி கேட்டதும் நாம் 'சந்தோஷம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். அதை அப்படியே 'ஃபெலீஸ்' என்றோ 'கொன்தேன்தொ' என்றோ மொழிபெயர்த்தால் வாக்கியம் பாதியில் நிற்கும். ஸ்பானியத்தில் அந்த இடத்துக்கு உள்ளது 'மெ அலேக்ரொ'. 'அம்மாவுக்கு உடம்பு தேவலை.' 'மெ அலேக்ரொ.' அவ்வளவுதான். கூட்டிச் சொல்ல 'மெ அலேக்ரொ மூச்சொ', இன்னும் நெஞ்சாரச் சொல்ல 'குவான்தொ மெ அலேக்ரொ'.

ஒருவரைப் பார்த்த மகிழ்ச்சிக்கு 'மெ அலேக்ரொ தெ வேர்தெ'. இதில் முதல் 'தெ' தெய்வத்தின் 'தெ', கடைசி 'தெ' வல்லொலி. இங்கே 'எஸ்தோய் அலேக்ரெ தெ வேர்தெ' என்று உரிச்சொல்லைப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அலேக்ரெ மனநிலையைச் சொல்லும். ஒரு செய்திக்கோ சந்திப்புக்கோ எதிர்வினை என்றால் வினைச்சொல்தான் வேண்டும்.

அடுத்த படி கொஞ்சம் கடினம். சந்தோஷப்படுபவரும் செயலைச் செய்பவரும் ஒருவரே என்றால் வினையின் பெயர் வடிவம் போதும்: மெ அலேக்ரொ தெ எஸ்தார் அக்கீ. இருவரும் வேறு வேறு ஆட்கள் என்றால் 'தெ கெ' போட்டு, இரண்டாவது வினையைச் சார்புநிலை வடிவத்துக்கு மாற்ற வேண்டும். 'நீ நலமாக இருப்பதில் சந்தோஷம்' என்பது 'மெ அலேக்ரொ தெ கெ எஸ்தேஸ் பியேன்'. 'எஸ்தாஸ்' இல்லை, 'எஸ்தேஸ்'. 'நீ வந்ததில் சந்தோஷம்' என்பது 'மெ அலேக்ரொ தெ கெ ஆயஸ் வெனீதொ'. நடந்து முடிந்த உண்மைதானே, ஏன் சார்புநிலை என்று தோன்றும். அந்த வாக்கியம் வந்ததைத் தெரிவிக்கவில்லை. வந்தது இருவருக்கும் தெரியும். அதன்மேல் நம் உணர்ச்சியைச் சொல்கிறோம். தெரிவிப்பதற்குச் சாதாரண வடிவம், தெரிந்ததன்மேல் உணர்வைச் சொல்வதற்குச் சார்புநிலை. இந்த ஒரு பிரிவு பிடிபட்டால் கோபம், வருத்தம், ஆச்சரியம் எல்லாவற்றுக்கும் அதே இலக்கணம் ஓடும்.

மனப்பாடமாக ஒரே ஒரு வாக்கியம் வேண்டுமென்றால், பரிசு கொடுக்கும்போது சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்: 'மெ அலேக்ரொ தெ கெ தெ கூஸ்தெ', உனக்குப் பிடித்திருப்பதில் சந்தோஷம். மாதத்தில் ஒருமுறையாவது தேவைப்படும். பேச்சுவழக்கில் 'தெ'யை விழுங்கி 'மெ அலேக்ரொ கெ' என்பவர்கள் நிறைய. எழுத்தில் விடாதீர்கள். 'தெ' தொல்லையே வேண்டாம் என்றால் 'மெ அலேக்ர கெ' என்று தொடங்கலாம். 'எனக்கு அது மகிழ்ச்சி தருகிறது' என்ற நம்முடைய 'எனக்கு' வாக்கியமேதான் அது.

எதிர்பார்ப்பில் துள்ளும் மனம்: இங்கேதான் ஆபத்து

'அடுத்த வாரம் ஊருக்குப் போறேன், ஒரே எக்ஸைட்டடா இருக்கு.' இந்தக் காலத்துத் தமிழில் சாதாரண வாக்கியம். அந்த ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு 'எஸ்தோய் எக்ஸித்தாதொ' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மனிதரைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு முதலில் தோன்றும் பொருள் காமக் கிளர்ச்சி. அலுவலகக் கூட்டத்தில் புதிய திட்டத்தைப் பற்றி யாரும் அப்படி உணர மாட்டார்கள் என்பதால், அறையில் சிறு அமைதி நிலவும். இந்தச் சொல்லை உங்கள் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக எது என்பது நாட்டைப் பொறுத்தது. மெக்ஸிகோ முதல் அர்ஜென்டினா வரை 'எஸ்தோய் எமொஸியொனாதொ' என்றால் உற்சாகமான எதிர்பார்ப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். ஸ்பெயினில் அதே சொல் நெகிழ்ச்சிப் பக்கம் சாயும்: கண் கலங்குகிறது, தொண்டை அடைக்கிறது. விமான டிக்கெட் எடுத்ததற்கு அங்கே அதைச் சொன்னால், எதற்கு அழுகிறாய் என்பது போலப் பார்க்கலாம். ஸ்பெயினின் சொந்தச் சரக்கு இலுஸியோன். 'மெ ஆஸெ மூச்ச இலுஸியோன்' என்றால் 'எனக்கு ஆசை ஆசையாக இருக்கிறது'. தீபாவளிக்கு எடுத்த சட்டையை முந்தின நாள் இரவு எடுத்துத் தடவிப்பார்க்கும் குழந்தையின் மனசு அது. எதிர்பாராத பரிசைப் பிரிக்கும்போது 'கே இலுஸியோன்!' என்று கூவுவதும் உண்டு. ஆங்கிலத்தில் இதன் உறவுச்சொல்லுக்கு மாயை என்று பொருள். அதை வைத்து இதைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் அந்த மாயை முழுதாகப் போய்விடவும் இல்லை. 'நோ தெ ஆகஸ் இலுஸியோனெஸ்' என்று பன்மையில் சொன்னால் 'வீண் ஆசை வளர்த்துக்கொள்ளாதே'. லத்தீன் அமெரிக்காவில் ஒருமைக்கும்கூட இந்த வீண்கனவுச் சாயல் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

எந்த நாட்டுக்காரரோடு பேசுகிறோம் என்று தெரியாதபோது ஒரு நடுவழி இருக்கிறது: 'தேங்கொ மூச்சஸ் கானஸ் தெ வேர்தெ', உன்னைப் பார்க்க ரொம்ப ஆவலாக இருக்கிறேன். எங்கும் செல்லும், எந்த இரட்டை அர்த்தமும் இல்லை.

இன்னொரு சறுக்கல், ஈற்றில் வரும் 'ஆதொ', 'ஆன்தெ' இரண்டையும் குழப்புவது. எமொஸியொனாதொ என்றால் உணர்பவர். எமொஸியொனான்தெ என்றால் உணர்வைத் தூண்டுவது. படம் எமொஸியொனான்தெ, பார்த்தவர் எமொஸியொனாதொ. இதேபோல 'ஸோய் திவெர்தீதொ' என்றால் 'நான் தமாஷான ஆள்'. 'எனக்குப் பொழுது ஜாலியாகப் போகிறது' என்று சொல்ல வேண்டுமானால் வினையாக 'மெ திவியேர்தொ'. நேற்றைய கதை என்றால் 'மெ திவெர்தீ மூச்சொ'.

அறிமுகத்திலும் விருந்திலும்

முதல் சந்திப்பில் 'மூச்சொ கூஸ்தொ' என்றோ 'என்கன்தாதொ' என்றோ சொல்லலாம். இரண்டாவது சொல் பேசுபவரின் பாலைப் பொறுத்து மாறும். பெண் பேசினால், எதிரில் இருப்பவர் ஆணாக இருந்தாலும் 'என்கன்தாத'தான். எதிராளியைப் பார்த்து மாற்றுவது தொடக்கநிலையில் எல்லோரும் செய்யும் பிழை. இச்சொல்லின் நேர்ப்பொருள் 'மந்திரத்தில் கட்டுண்ட' என்பது. அதனால்தான் 'என்கன்தாத' என்ற அடைமொழி உள்ள வீடு பேய்வீடு. அங்கே மகிழ்ச்சியைத் தேடாதீர்கள்.

அதன் வினை 'மெ என்கான்த', அதாவது 'எனக்குக் கொள்ளை ஆசை'. இதிலேயே 'மிகவும்' அடங்கியிருப்பதால் 'மெ என்கான்த மூச்சொ' என்று சேர்ப்பது தவறு. 'ரொம்பப் பிடிக்கும்' என்று 'ரொம்ப' போட்டே பழகிய நம் நாக்கு இங்கே வழுக்கும். மற்றொன்றும் உண்டு. நம் 'பிடிக்கும்' ஒன்றானாலும் பத்தானாலும் மாறாது: ரோஜா பிடிக்கும், பூக்கள் பிடிக்கும். ஸ்பானியத்தில் பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாக வேண்டும்: 'மெ என்கான்தன் லஸ் ஃப்லோரெஸ்'.

மெக்ஸிகோவில் 'மெ தா கூஸ்தொ வேர்தெ' என்பது, பார்த்ததில் சந்தோஷம் என்பதற்கு நாள்தோறும் கேட்கும் வாக்கியம். கொலம்பியாவிலும் கோஸ்டா ரிக்காவிலும் 'க்ராஸியஸ்' என்று நன்றி சொன்னால் 'கொன் கூஸ்தொ' என்று பதில் வரும். 'எஸ்தோய் அ கூஸ்தொ' என்பது வேறு: இந்த நாற்காலியில், இந்த வீட்டில், இந்த ஆட்களோடு எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

விருந்து முடிந்து விடைபெறும்போது லத்தீன் அமெரிக்காவில் 'ல பஸே முய் பியேன்', ஸ்பெயினில் 'லொ பஸே முய் பியேன்'. முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் எந்த ஊரில் ஸ்பானியம் கற்றீர்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். 'என்ஜாய் பண்ணினேன்' என்பதற்கு உள்ள திஸ்ஃப்ருத்தார் வினையோடு அனுபவித்த பொருளைச் சொல்லலாம்: சாப்பாட்டை, படத்தை, விடுமுறையை. அதோடு 'மெ' சேர்த்து, என்னையே நான் அனுபவித்தேன் என்ற மாதிரி வாக்கியம் அமைக்கக் கூடாது. அதுவும் ஆங்கிலக் குழிதான்.

சாப்பிட்டுவிட்டு 'எஸ்தோய் ஸத்திஸ்ஃபேச்சொ' என்றால் வயிறு நிறைந்தது. வேலை விஷயத்தில் சொன்னால் திருப்தி. துள்ளல் எதுவும் இதில் இல்லாததால் வாடிக்கையாளர் கருத்துப் படிவத்துக்கு ஏற்ற சொல், காதலுக்கு ஏற்றதில்லை.

அலுவலகக் கடிதத்தில் 'தெரிவிப்பதில் மகிழ்ச்சியடைகிறோம்' என்று எழுத 'நொஸ் கொம்ப்லாஸெ இன்ஃபொர்மார்லெ'. இதை வாய்ப்பேச்சில் பயன்படுத்தினால் அரசாணை வாசித்த மாதிரி இருக்கும்.

நிம்மதியைச் சந்தோஷம் என்று சொல்லிவிடும் பழக்கமும் நமக்குண்டு. தொலைந்த பாஸ்போர்ட் கிடைத்தால் 'எஸ்தோய் ஃபெலீஸ்' என்பதைவிட 'கே அலீவியொ!' பொருந்தும், அது நம் 'அப்பாடா'. 'நல்லவேளை' என்பதற்கு 'மேனொஸ் மால்'.

வாழ்த்தும்போது

ஃபெலிஸிதாத் ஒருமையில் மகிழ்ச்சி. பன்மையில் ஃபெலிஸிதாதெஸ் வாழ்த்து. பிறந்தநாளுக்கு 'ஃபெலீஸ் கும்ப்லெயாஞொஸ்' அல்லது சுருக்கமாக 'ஃபெலிஸிதாதெஸ்'. தேர்வில் வென்றவருக்கு, திருமணம் செய்தவருக்கு, குழந்தை பெற்றவருக்கு ஸ்பெயினில் 'எனொரபுவேன'. லத்தீன் அமெரிக்காவில் 'ஃபெலிஸித்தஸியோனெஸ்' அதிகம். எனொரபுவேன என்பது சாதித்ததற்கு, அடைந்ததற்கு உரியது. பிறந்தநாளுக்கு அதைச் சொன்னால் ஒரு வயது கூடியதைச் சாதனையாகப் பாராட்டியது போலாகும். கிறிஸ்துமஸுக்கு 'ஃபெலீஸ் நவிதாத்'. பண்டிகைகளைச் சேர்த்து வாழ்த்தினால் 'ஃபெலீஸெஸ் ஃபியேஸ்தஸ்' என்று பன்மையாக்க மறக்காதீர்கள். 'அலேக்ரெ நவிதாத்', 'கொன்தேன்தொ கும்ப்லெயாஞொஸ்' என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை; வாழ்த்தில் ஃபெலீஸுக்கு மாற்றுக் கிடையாது.

பெயர்ச்சொற்கள்

ஃபெலிஸிதாத், அலெக்ரீய இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் காட்ட ஸ்பெயினின் தெற்குக் கடற்கரை ஊரான காதிஸ் ஒன்றே போதும். 1812இல் அங்கே இயற்றப்பட்ட அரசியல் சாசனத்தின் 13ஆம் பிரிவு, அரசின் நோக்கம் நாட்டின் ஃபெலிஸிதாத் என்று சொல்கிறது. அங்கே அது மக்களின் நல்வாழ்வு, செழிப்பு. அதே ஊர்தான் ஃபிளமெங்கோ என்ற ஆடல்பாடல் கலையில் அலெக்ரீயஸ் என்ற பாட்டு வகைக்கும் தாயகம்: 12 அடித் தாளச் சுழற்சி, கைதட்டல், குதிகால் ஓசை. சட்டத்தில் எழுதி வைக்கத் தக்கது ஃபெலிஸிதாத், கைதட்டி ஆடத் தக்கது அலெக்ரீய. மெக்ஸிகோவில் கீரைவிதையைப் பொரித்துத் தேனிலோ வெல்லப்பாகிலோ பிடித்த மிட்டாய்க்கும் அலெக்ரீய என்றுதான் பெயர். நம் பொரி உருண்டைக்குத் தூரத்துச் சொந்தம் எனலாம்.

அலெக்ரீய எண்ணத்தக்கது என்பதும் உதவும்: 'மெ தீஸ்தெ ஊன அலெக்ரீய', நீ எனக்கு ஒரு சந்தோஷத்தைக் கொடுத்தாய். எதிர்பாராமல் ஒருவரைக் கண்டால் 'கே அலெக்ரீய வேர்தெ!'. ஆனந்தக் கண்ணீர் விடுவது 'யொரார் தெ அலெக்ரீய'.

தீச்ச, கோஸொ, ஹூபிலொ மூன்றும் படிக்கும்போது அறிந்துகொள்ள வேண்டியவை, பேச அவசரமில்லை. தீச்ச இலக்கியச் சொல், பேறு என்பதற்குப் பக்கத்தில் வரும். கோஸொவில் கோயில் மணி ஒலிக்கும், பேரின்பம். ஹூபிலொ கூட்டத்தின் கொண்டாட்டம், கோப்பை வென்ற இரவுக்குப் பத்திரிகைகள் எழுதுவது. அதை உரிச்சொல்லாக்குவோம் என்று 'எஸ்தோய் ஹுபிலாதொ' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'நான் பணி ஓய்வு பெற்றுவிட்டேன்' என்று பொருள். இருபத்தைந்து வயதில் அதைச் சொன்னால் எல்லோரும் ரகசியத்தைக் கேட்பார்கள்.

'ரொம்ப' செய்யும் வம்பு

ரொம்ப நல்லவன், ரொம்பப் பணம், ரொம்ப ஓடினான். நம் 'ரொம்ப' எங்கும் ஒட்டும். ஸ்பானியத்தில் உரிச்சொல்லுக்கு முய்: முய் கொன்தேன்தொ. பெயர்ச்சொல்லுக்கு அதன் பாலைப் பார்த்து: மூச்ச அலெக்ரீய, மூச்சொ கூஸ்தொ. வினைக்கு, வினைக்குப் பின்னால்: மெ அலேக்ரொ மூச்சொ. 'மூச்சொ கொன்தேன்தொ' என்பது தமிழர் வாயில் அடிக்கடி வரும் பிழை. 'ரொம்ப ரொம்ப' என்று அடுக்க வேண்டுமானால் கொன்தென்தீஸிமொ என்று ஈற்றை நீட்டலாம்.

பசிக்கும் குளிருக்கும் 'தேங்கொ' ('என்னிடம் இருக்கிறது') போடுவதைப் பார்த்துவிட்டு 'தேங்கொ ஃபெலீஸ்' என்பவர்களும் உண்டு. அந்த வினை உரிச்சொல்லோடு சேராது. 'உணர்கிறேன்' என்று சொல்ல விரும்பினால் 'மெ ஸியேன்தொ ஃபெலீஸ்'. இதில் 'மெ' விட்டுப்போனால் வாக்கியம் நொண்டும்.

சந்தோஷம் வந்த கணத்தைச் சொல்லும்போது எஸ்தார் போதாது. 'ஆனேன்' என்ற மாற்றம் வேண்டும். அதற்கு பொனேர்ஸெ: 'மெ பூஸெ முய் கொன்தேன்தொ', கேட்டதும் குஷியாகிவிட்டேன். அப்போது அப்படி இருந்தேன் என்று பின்னணி சொல்லும்போது 'எஸ்தாவ கொன்தேன்தொ'. கதை சொல்லும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பயன்படுத்தினாலே பேச்சு தேறிவிடும். பிறரை மகிழ்வித்தால் 'மெ ஆஸெஸ் ஃபெலீஸ்', நீ என்னை மகிழ்விக்கிறாய். இது காதல் வாக்கியம். ஆட்டோக்காரருக்குச் சொல்ல வேண்டாம்.

மரபுத்தொடர்களில் இரண்டு மூன்று

ஸ்பெயினில் பெருமகிழ்ச்சியில் இருப்பவர் 'கஸ்தஞுவேலஸைவிட கொன்தேன்தொ': மாஸ் கொன்தேன்தொ கெ ஊனஸ் கஸ்தஞுவேலஸ். ஆடும்போது கையில் வைத்துத் தட்டும் மரச்சிப்பிகள் அவை. சும்மா இருக்கவே தெரியாதவை. புதுச் செருப்பு வாங்கிய பிள்ளையைப் போல என்பதற்கு 'கோமொ நீஞொ கொன் ஸப்பாத்தொஸ் நுவேவொஸ்'. லத்தீன் அமெரிக்காவில் 'ஃபெலீஸ் கோமொ ஊன லொம்ப்ரீஸ்', மண்புழு போல மகிழ்ச்சியாக. மண்புழுவுக்கு என்ன மகிழ்ச்சி என்று கேட்டால், ஈற்றொலி ஒற்றுமைதான் பதில். ஸ்பெயினின் குழந்தைக் கதைகள் முடியும் வரியும் ஈற்றொலிக்காகவே ஒரு கௌதாரியைப் பிடித்துவருகிறது: 'ஃபுவேரொன் ஃபெலீஸெஸ் இ கொமியேரொன் பெர்தீஸெஸ்', சந்தோஷமாக வாழ்ந்து கௌதாரி சாப்பிட்டார்கள்.

ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாத சொல் ஒன்றும் உண்டு. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் 'எஸ்தா சோச்சொ கொன் எல் நியேத்தொ' என்றால் பேரன் பிறந்த பூரிப்பில் தாத்தா மிதக்கிறார். அதே ஒலி ஸ்பெயினில் பெண் உறுப்புக்கான கொச்சைச் சொல். மாட்ரிட் போய் இறங்கியதும் அதை மறந்துவிட்டு, தாத்தா 'என்கன்தாதொ கொன் எல் நியேத்தொ' என்று சொல்லிக்கொள்ளுங்கள்.